வெடித்தது சென்ட் பாட்டில் அல்ல

செங்கோட்டையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், மகேஸ்வரியின் பையில் சென்ட் பாட்டில் வெடித்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். கேட்காதவர்களுக்கும் சொல்வார்கள். "வேலைக்குப் போற புள்ளைக்கு எதுக்குட்டி சென்ட்டு? ஆரு மோந்து பாக்கப் போறா?" என்று பக்கத்து வீட்டில் பேசுவது என் கட்டிலுக்கே கேட்கிறது. அவர்கள் குரலைத் தாழ்த்துவதும் இல்லை.

வலது கையில் மறுபடி பேனா நிற்கத் தொடங்கியிருக்கிறது. முதல் வேலையாக இதை எழுதுகிறேன். என் சென்ட் பாட்டில் வெடிக்கவில்லை. மூடி மட்டும் கருகி, அலமாரியில் அப்படியே இருக்கிறது. குலுக்கினால் உள்ளே சத்தம் கேட்கும். எங்கள் வீட்டில் யாரும் இதுவரை அதைக் குலுக்கிப் பார்க்கவில்லை.

வெடித்தது ஒரு பேட்டரி. என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். அதை என்னிடம் கொடுத்தது என் அண்ணன்.

அப்பா புளியறையில் லாரிகளுக்குச் சுமை ஏற்றி இறக்குபவர். அம்மா பீடி சுற்றுகிறாள். அண்ணன் குமார் எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, ஏசி வேலை கற்றுக்கொண்டு வளைகுடாவுக்குப் போனவன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.காம். முடித்துவிட்டுத் தென்காசியில் ஓர் இ-சேவை மையத்தில் கணினியில் வேலை பார்க்கிறேன். வருமானச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை எல்லாம் என் விரல்கள் வழியாகத்தான் போகும். தெருவில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும், டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு உட்பட, என்னிடம்தான் வரும். அதில் எனக்குப் பெருமை உண்டு. என்னைப் படிக்க வைத்தது அண்ணன் அனுப்பிய பணம். அதையும் எங்கேயும் மறைத்ததில்லை.

இந்தக் குற்றாலச் சாரல் சீசனுக்கு அவன் விடுப்பில் வந்திருந்தான். மொட்டை மாடியில் நின்று எதையோ உறிஞ்சிப் புகை விடுவான். கையில் ஒரு சின்னப் பெட்டி, அதன்மேல் ஒரு குழல். புகையில் மாம்பழ வாசனை வரும். மின்சிகரெட் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இதுக்கு நம்ம நாட்டுல தடை இருக்குண்ணே."

"சிகரெட்ட விட்டுட்டேம்லா, அதுக்குச் சந்தோசப்படு. அம்மாகிட்ட சொல்லிராத."

அம்மாவிடம் அவன் சளிக்கு ஆவி பிடிக்கிற மிஷின் என்று சொல்லி வைத்திருந்தான். அம்மா அதை அப்படியே நம்பி, பீடி சுற்றும் இடத்தில் எல்லாரிடமும் சொன்னாள். "வெளிநாட்டு மிஷின்லா. தண்ணி கொதிக்க வைக்க வேண்டாம், போர்வை போத்த வேண்டாம். எம் மவன் நின்னுக்கிட்டே ஆவி பிடிக்கான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார் பிடித்துக் குடும்பமாகக் குற்றாலம் போனோம். அப்பா, அம்மா, அண்ணன், மதினி, நான். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் குடும்பத்தோடு அருவிக்குப் போனால், ஒருத்தர் குளிக்காமல் பை பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்தச் சமயத்தில் வீட்டில் எந்தப் பெண்ணுக்குக் குளிக்க முடியாத நாளோ, அவள்தான் பைக்காரி. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பை மட்டும் அவள் மடிக்கு வந்துவிடும். அன்றைக்கு என் மடிக்கு வந்தது.

ஒவ்வொருவராகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தண்ணீர் விழுகிற வேகத்தில் அறுந்துவிடும் என்று மதினி கழுத்துச் செயினைக் கழற்றித் தந்தாள். அப்பா பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் சில்லறையையும் தந்தார். போன்கள் வந்தன. எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் போகுமுன் அண்ணன் வீட்டுச் சாவியையும் ஒரு பேட்டரியையும் நீட்டினான்.

"இது என்னது?"

"டார்ச் பேட்டரிட்டி. நனைஞ்சா போச்சு. பத்திரமா வை."

பத்திரம் என்றால் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒரே இடம்தான். பைக்குள் தைத்திருக்கும் சின்ன ஜிப் அறை. தங்கம் அங்கேதான் போகும். செயின், சாவி, சில்லறை எல்லாம் கிடந்த அந்த அறைக்குள்ளேயே பேட்டரியையும் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். தீப்பெட்டியும் என் சென்ட் பாட்டிலும் வெளி அறையில் இருந்தன. கூட்டத்தில் யாரும் பிடுங்கிவிடக் கூடாதே என்று பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் தொடையில் சூடு தெரிந்தது. சூடான டீ டம்ளரை மடியில் வைத்தது போல. யார் போனாவது சூடாகிறதோ என்று நினைத்தேன். பிறகு பைக்குள் சீறுகிற சத்தம். ஜிப் இடுக்கில் புகை. என் மனதில் முதலில் வந்தது மதினியின் செயின். பையைத் தூக்கி எறிந்திருக்க வேண்டிய நேரத்தில், செயினை எடுக்க ஜிப்பைத் திறந்து கையை உள்ளே விட்டேன்.

வெள்ளையாக ஒரு தீ பக்கவாட்டில் பாய்ந்தது. என் சுடிதார் தோலோடு ஒட்டிக்கொண்டது. நான் கத்தியது அருவிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. யாரோ ஒரு பெண் குடத்துத் தண்ணீரை என்மேல் கொட்டினாள். மதினி ஈரச் சேலையோடு ஓடிவந்து, தன் துண்டை என் காலில் சுற்றினாள். செயினைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. அன்றும் கேட்கவில்லை, இன்றுவரையும் கேட்கவில்லை. அது உருகி ஒரு நாணயத்தோடு ஒட்டிப்போயிருந்ததைப் பிறகு அவளே எடுத்துப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, இது கழுத்துல கிடக்கல" என்று மட்டும் சொன்னாள்.

தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர், "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னான்.

"பையில தீப்பெட்டி இருந்துச்சு சார். அது உரசி, இவ வச்சிருந்த சென்ட் பாட்டில்ல பிடிச்சு வெடிச்சிட்டு."

அவன் பதற்றத்தில் தப்பாகப் புரிந்துகொண்டான் என்றுதான் நினைத்தேன். "இல்ல..." என்று ஆரம்பித்தேன். நர்ஸ் ஊசி போட்டாள். டாக்டர் மறுபடி அண்ணனிடமே கேட்டார். எத்தனை வயது, கல்யாணம் ஆயிற்றா, மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்று எல்லாக் கேள்விகளும் அவனிடம் போயின. தெருவுக்கே காகிதம் படித்துச் சொல்கிற நான், என் உடம்பைப் பற்றிய கேள்விக்கு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மயக்கம் கொஞ்சம் தெளிந்தபோது அவன் என் காதருகே குனிந்திருந்தான்.

"ஏட்டி மகேசு, பேட்டரின்னு சொன்னா எந்தப் பேட்டரின்னு கேப்பான், அந்தப் புகை மிஷினு வெளிய வந்துரும். தீக்காயம்னா போலீசு வரும். பாஸ்போர்ட்ட முடக்கிட்டா எம் பொழப்பு போச்சு. நீ ஒண்ணும் பேசாத. நான் பாத்துக்கிடுதேன்."

அதற்கு நான் தலையாட்டினேன் என்று அவன் இன்றும் சொல்கிறான். எனக்கு நினைவில்லை. அந்த ஊசிக்குப் பிறகு நான் எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பேன்.

தீ சுட்ட காயம் என்று சொன்னதால், அதற்கு என்ன வைத்தியமோ அதைச் செய்தார்கள். துடைத்து, வெள்ளைக் களிம்பு தடவி, கட்டுப் போட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் கட்டுக்குள் என் கை எரிந்துகொண்டே இருந்தது. தீ அணைந்துவிட்டது, இது மட்டும் ஏன் அணையவில்லை என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். "தீப்புண்ணுன்னா எரியத்தாம்ட்டி செய்யும்" என்று அம்மா விசிறினாள். கட்டு மாற்றும்போதெல்லாம் காயம் முந்தைய தடவையைவிட ஆழமாகத் தெரிந்தது. சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் உணர்ச்சி போய்விட்டது. காய்ச்சல் ஏறியது. அவர்களே பயந்து, பாளையங்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

தீக்காய வார்டில் என் பக்கத்துக் கட்டில் செல்லத்தாய் அக்காவுடையது. ராயகிரிக்காரி. முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் கட்டு. நான் போய்ச் சேர்ந்ததுமே விசாரித்தாள்.

"உனக்கு எதும்மா? வெந்நியா, அடுப்பா?"

"பேட்டரிக்கா" என்றேன். அண்ணன் அங்கே இல்லை.

"அட, நம்ம சாதிக்காரியா நீ!" என்று சிரித்தாள். வயலுக்கு மருந்தடிக்கிற பேட்டரி தெளிப்பான் அவள் வீட்டில் தீப்பிடித்திருக்கிறது. "பழைய பேட்டரியில சார்ஜ் நிக்கலன்னு இந்த மனுசன் டவுன்ல குடுத்து லித்தியம் பேட்டரி மாத்திக்கிட்டு வந்தாரு. சார்ஜர் மட்டும் பழசு. அதுலயே போட்டுட்டு, ஊர்க்கத பேசப் போயிட்டாரு. மிஷினுக்குப் பசிச்சிருக்கும் போல, எஞ் சேலையத் தின்னுட்டு."

"பொறவு?"

"பொறவு என்ன, என்னைய ஆட்டோவுல ஏத்துனாரு, மிஷினயும் ஏத்திட்டாரு. கரிஞ்ச மிஷினத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குள்ள வாராரு, மருந்தடிக்க வந்த மாதிரி. 'டாக்டரய்யா, இந்தச் சனியன்தான், நான்தான் தப்பா சார்ஜ் போட்டேன்'னு எல்லார் முன்னாலயும் ஒப்பிச்சிட்டாரு. கூறு கெட்ட மனுசன். ஆனா கேட்டதும் சொல்லிட்டாரு. அன்னைக்கு எங் கால மணிக்கணக்கா கழுவுனாங்கம்மா. கழுவுறது, ஒரு தாள ஒட்டிப் பாக்கது, மறுபடி கழுவுறது."

நான் அவள் காலைப் பார்த்தேன். தோல் சிவந்து மூடிக்கொண்டு வந்தது. என் கையை யாரும் அப்படிக் கழுவவில்லை.

அங்கே என்னைப் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். கட்டைப் பிரித்தார். காயத்திலிருந்து இடுக்கியால் கறுப்பாக, தகடு போல ஒரு துணுக்கை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"சென்ட் பாட்டில்னு எழுதியிருக்காங்க. இது என்ன?" என்று என்னிடம் கேட்டார். அந்த ஆஸ்பத்திரி வாசத்தில் முதல்முறையாக ஒரு டாக்டரின் கேள்வி என்னிடம் வந்தது.

"சென்ட் பாட்டில் இல்ல டாக்டர். பேட்டரி. அண்ணன் குடுத்தது."

கட்டிலின் கால்மாட்டில் அண்ணன் நின்றான். என் கண்ணைப் பார்க்காமல், டாக்டரைப் பார்த்துச் சொன்னான்: "மருந்து மயக்கத்துல உளறுதா டாக்டர். நான் அங்கதான் இருந்தேன்."

"ஆமா டாக்டரம்மா, சென்ட்டுதான்" என்றாள் அம்மா. அம்மா அப்போது பெண்கள் பக்கம் அருவிக்குள் நின்றுகொண்டிருந்தவள். எதையும் பார்த்தவள் இல்லை.

எரிந்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. நான் கண் திறந்து, தெளிவாக, தமிழில் ஒரு வாக்கியம் பேசுகிறேன். என்னைப் பெற்றவளும் என்னைப் படிக்க வைத்தவனும் அதை உளறல் என்கிறார்கள். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் நான் சொல்வது எதுவும் எங்கேயும் எடுபடாது என்று தோன்றியது.

டாக்டர் எல்லாரையும் வெளியே அனுப்பினார். மாம்பழ வாசனை, ஆவி மிஷின், டார்ச் என்று சொல்லிக் கொடுத்த பேட்டரி, ஜிப் அறை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எனக்குப் புரியும்படி விளக்கினார். டார்ச்சில் போடும் சாதாரண பேட்டரி போலத்தான் அது இருக்கும். ஆனால் உள்ளே மெல்லிய தகடுகளைச் சுருட்டி, எளிதில் தீப்பற்றும் ஒரு திரவத்தில் ஊற வைத்திருப்பார்கள். இரண்டு முனையையும் ஓர் உலோகம் சேர்த்துத் தொட்டால், உள்ளே இருக்கும் மின்சாரம் முழுவதும் ஒரே பாய்ச்சலில் வெளியேறப் பார்க்கும். பேட்டரி சூடேறும், அந்தச் சூடு இன்னும் சூட்டைக் கிளப்பும், திரவம் கொதித்து வெடிக்கும். மதினியின் செயினோ சாவியோ சில்லறையோ, ஏதோ ஒன்று அந்த இரண்டு முனைக்கும் பாலம் போட்டிருக்கிறது. வெளியே வருவது தீ மட்டும் அல்ல, ரசாயனமும்தான். தீ சுட்டுவிட்டு நின்றுவிடும். ரசாயனம் தோலுக்குள் இருந்துகொண்டு தின்னும்.

"முதல் நாளே தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டேன்.

"அமிலமா காரமான்னு காட்டுற தாள் வச்சுப் பாத்துப் பாத்து, நல்லாக் கழுவியிருப்பாங்க. இவ்வளவு ஆழம் போகாம இருந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாதும்மா."

உறுதியாகச் சொல்ல முடியாது என்று அவர் சொன்னது நேர்மை. எனக்கு அதுவே பெரிய தண்டனை. அண்ணனின் பொய் என் தோலில் எத்தனை அங்குலம் தின்றது என்று எனக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை.

அறுவைச் சிகிச்சை நடந்தது. செத்துப்போன தோலை வெட்டி எடுத்துவிட்டு, இடது தொடையிலிருந்து காகிதம்போல மெல்லிசாகத் தோலைச் சீவி, வலது தொடையிலும் கையிலும் ஒட்டினார்கள். தோல் ஒட்டிய இடத்தைவிட, தோல் எடுத்த இடம்தான் அதிகம் வலிக்கும். அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். ரத்தம் தேவைப்பட்டபோது கொடுத்தது அண்ணன். தினமும் இளநீர் சீவி ஸ்ட்ரா போட்டு வாயருகே பிடித்ததும் அவன்தான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது.

கை கட்டில் இருந்ததால் அம்மா எனக்கு ஊட்டிவிட்டாள். இட்லியைச் சாம்பாரில் நனைத்து, ஊதி, சின்னச் சின்னதாக. ஊட்டிக்கொண்டே பேசுவாள்.

"அண்ணன் மேல பழி போடாதட்டி. அவன் இல்லன்னா நீ காலேஜிக்குப் போயிருப்பியா? ஆவி பிடிக்க மிஷின் எப்படிட்டி வெடிக்கும்?"

"அது ஆவி மிஷின் இல்லம்மா."

"உனக்கு எல்லாம் தெரியும். படிச்சவல்லா. வாயத் திற."

திறந்தேன். பசித்தது. அவள் விரல் என் உதட்டில் படும்போதெல்லாம், இந்தக் கைக்கு என்மேல் இருக்கும் பிரியம் இந்த வாய்க்கு ஏன் இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு மதியம் அண்ணனும் அம்மாவும் சாப்பிடப் போயிருந்தார்கள். அப்பா மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. என் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"நான் பாத்தேன் மகேசு."

"எதப்பா?"

"உன்னையக் கார்ல ஏத்துனதும் அவன் திரும்பி ஓடுனான்லா. பையிலருந்து அந்தக் கரிஞ்ச பேட்டரியத் துண்டுல எடுத்து ஓடையில வீசுனான். நான் பின்னாலயே நின்னேன்."

"அப்போ ஏம்ப்பா இத்தன நாளா சொல்லல? டாக்டர்கிட்டயாவது?"

அவர் சுமை தூக்கும் தோளைத் தடவிக்கொண்டார். "இந்தத் தோளு இன்னும் எத்தன நாளைக்கும்மா? அவன் போனாத்தான வீடு நிக்கும்."

அண்ணன் பயத்தில் சொன்ன பொய்யை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. அம்மா நம்பிக்கையால் சொன்னாள், அதையும் புரிந்துகொள்ளலாம். அப்பா எல்லாம் தெரிந்துகொண்டே, என் காயம் ஒவ்வொரு கட்டுக்கும் ஆழமாவதைப் பார்த்துக்கொண்டே, வீட்டையும் என் கையையும் தராசில் வைத்திருக்கிறார். கை எழும்பிவிட்டது, வீடு கீழே இறங்கியது. அவருடைய தீப்பெட்டியால் வந்த வினை என்று ஊர் சொன்னதையும் அவர் பேசாமல் தாங்கிக்கொண்டார். ஆனால் தாங்கியது அவர் மட்டும் இல்லையே.

"போலீஸ் வந்தா சொல்லுவீங்களா?" என்று கேட்டேன். அவர் எழுந்து போய்த் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தார்.

அடுத்த சில நாட்களில் ஏட்டு ஒருவர் வாக்குமூலம் வாங்க வந்தார். அண்ணன் மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிக் கீழே இறங்கிப்போனான். ஏட்டு நேராக அப்பாவிடம் திரும்பி, "என்ன நடந்துச்சு, சொல்லும்" என்றார்.

"அந்தப் புள்ளைக்கு வாய் இருக்குல்லா ஏட்டையா? கையிலதான் கட்டு" என்றாள் செல்லத்தாய் அக்கா பக்கத்துக் கட்டிலிலிருந்து.

ஏட்டு என் பக்கம் வந்தார். நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். நிறுத்தி நிறுத்தி, அவர் எழுதுவதற்கு நேரம் கொடுத்துச் சொன்னேன். அது என் தொழில். பேட்டரியை வீசிவிட்டார்கள் என்று சொன்னதும் அவர் நிமிர்ந்தார்.

"வீசுனத நீ பாத்தியா?"

"நான் கார்ல கிடந்தேன். எங்கப்பா பாத்தாரு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"என்னவே, பாத்தீரா?"

"இல்லய்யா" என்றார் அப்பா. "நான் எண்ண தேச்சுக்கிட்டு நின்னேன். ஒண்ணும் பாக்கல."

ஏட்டு எழுதி முடித்து, என் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு மை டப்பாவைத் திறந்தார். "இடது பெருவிரல் வச்சாப் போதும்மா."

எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பெருவிரல் வைப்பவர்கள்தான். டப்பாவை மூடச் சொன்னேன். பேனாவை இடது கையில் வாங்கி என் பெயரை எழுதினேன். பூச்சி ஊர்ந்த மாதிரி இருந்தது. ஆனால் ம, கே, ஸ், வ, ரி எல்லாம் இருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வராது. அண்ணனை ஒருமுறை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். மிஷினை வாங்கி வைத்துக்கொண்டு, எங்கே வாங்கினாய், இங்கே யாருக்காவது விற்றாயா என்று கேட்டு, எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள். பாஸ்போர்ட்டை யாரும் தொடவில்லை. விடுப்பு முடிந்து விமானம் ஏறிப் போய்விட்டான். போகுமுன் கட்டிலருகே வந்து, "போயிட்டு வாரேன் மகேசு" என்றான். "சரி" என்றேன். அவன் இன்னும் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். என் போர்வையைச் சரி செய்துவிட்டுப் போனான். அம்மா என்னோடு சில நாள் பேசவில்லை. ஊட்டிவிடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் இப்படிப் பேட்டரி இருக்கும். முடி வெட்டுகிற மிஷினில், கம்பி இல்லாத துளைப்பானில், கழுத்தில் மாட்டும் விசிறியில், வெளிநாட்டிலிருந்து வந்த சாமான் ஏதாவதில். தனியாகக் கையில் எடுக்க வருகிற பேட்டரி என்றால் அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். தங்கம், சாவி, சில்லறை இருக்கும் இடத்தில் போடாதீர்கள். அதன் மேல்தாள் கிழிந்திருந்தாலோ, உடம்பு வீங்கியிருந்தாலோ, எவ்வளவு விலை கொடுத்ததாக இருந்தாலும் அதைப் பயன்படுத்தாதீர்கள். மெத்தைமேல் வைத்துச் சார்ஜ் போட வேண்டாம், வேறொன்றின் சார்ஜரிலும் போட வேண்டாம். பை சூடானால் பையைத் தூக்கி எறியுங்கள், உள்ளே இருக்கும் எதற்காகவும் கையை விடாதீர்கள். யாருக்காவது பட்டுவிட்டால், நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள், டாக்டரிடம் வெடித்தது எதுவோ அதைச் சொல்லுங்கள். முடிந்தால் செல்லத்தாய் அக்காவின் வீட்டுக்காரர் மாதிரி அந்தச் சனியனையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

இப்போது காயத்தைக் காட்டவும் விரல் பயிற்சிக்கும் பாளையங்கோட்டைக்குப் போய் வருகிறேன். அப்பா வேலையை விட்டுவிட்டுக் கூட வருகிறார். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடிப்பார். இறங்கும்போது கூட்டம் என் கையில் இடிக்காமல் முதுகால் மறைத்துக்கொண்டு நிற்பார். ஏட்டிடம் அவர் சொன்னதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

போன வாரம் வெளிநோயாளிகள் பிரிவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு பெண், எங்களுக்கு முன்பின் தெரியாதவள். என் கையில் மாட்டியிருந்த இறுக்கமான உறையைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டாள்.

"பாப்பாவுக்கு என்ன ஆச்சு அண்ணாச்சி?"

சென்ட் பாட்டில் என்று வரும், நான் மறுக்க வேண்டும் என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

"பேட்டரிம்மா" என்றார் அப்பா. "எம் மவன் கொண்டாந்தது. புகை பிடிக்க மிஷினுக்கு உள்ளது. இவகிட்ட குடுத்து வச்சிருந்தான், வெடிச்சிட்டு. பொறவு அத எடுத்து ஓடையில வீசிட்டான். நான் பாத்தேன்."

சுமையை இறக்கி வைப்பது போல ஒரே மூச்சில் சொன்னார். அந்தப் பெண், "அய்ய, பாவம்" என்றாள். அதற்குள் அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். துணிப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இனி அவளை நாங்கள் பார்க்கப் போவதில்லை.

"இத ஏட்டுகிட்ட சொல்லியிருக்கலாம்லப்பா."

"சொல்லியிருக்கலாம்."

"அம்மாகிட்ட?"

எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் பிடித்து எழுந்துகொள்ள வசதியாக, அப்பா வழக்கம்போல என் இடது பக்கம் வந்து தோளைச் சாய்த்து நின்றார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.